தடம் விட்டுப்போன இடம்

சுற்றுலா வண்டியின் மூக்கில் பொருத்தியிருந்த இருக்கையிலிருந்து ரிசிமாட்டி கையைத் தூக்கினான். வண்டி நின்றது.

குதித்து இறங்கி மணலில் குந்தினான். பெண் சிறுத்தை. விடிவதற்குச் சற்று முன்னால் போயிருக்கிறது. தடத்தின் விளிம்பு இன்னும் உதிரவில்லை.

இந்தத் தனியார் காட்டில் இருபத்திரண்டு வருஷமாகத் தடம் பார்க்கிறான். விருந்தாளிகள் தங்கும் விடுதியே அவன் கண்ணை நம்பித்தான் ஓடுகிறது என்று சமையல்கட்டில் பேசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

பின்னால் ஆறு விருந்தாளிகள், மடியில் வெந்நீர்ப் பையும் கழுத்துவரை கம்பளியுமாக எட்டிப் பார்த்தார்கள். விடுதியைக் குறை சொல்ல முடியாது. குளிக்கிற தொட்டியில் படுத்தபடியே யானை பார்க்கலாம். சிறுத்தை மட்டும்தான் நான்கு நாளாக அகப்படவில்லை. இன்று அவர்களுக்குக் கடைசிக் காலை.

அவனுக்கோ இன்று பரீட்சை. மூத்த தடம்பார்ப்பவர் பட்டத்துக்கு மூன்றாவது முயற்சி. பிடித்த தடத்தை விலங்கு கண்ணில் படுகிறவரை விடக்கூடாது. விட்டால் தோல்வி, அவ்வளவுதான். ஜெயித்தால் சட்டைத் தோளில் பட்டை ஏறும், தலைமைப் பதவியும் வரும். மனைவி ஞாயிற்றுக்கிழமையே ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டாள்.

சோதிக்க வந்தவளைப் பார்த்ததும்தான் அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வுடோமி என்று பேர். முப்பது வயதிருந்தால் அதிகம்.

“இந்தப் பொண்ணு எனக்கு மார்க் போடப் போகுதாம்டா, காலக் கொடுமை!” என்று வண்டியோட்டும் கிவனிடம் கிளம்பும்போதே சொல்லியிருந்தான். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னான்.

“காது நல்லாவே கேக்குது மாமா,” என்றாள் அவள். “கண்ணும் அப்படித்தான்.”

இப்போது தடத்தோடு பத்து எட்டு நடந்தான். பாறைக்குன்று பக்கம் போகிறது. இன்னும் நூறு எட்டு. பட்டை தோளில் ஏறிவிட்டது என்றே நினைத்தான்.

அப்போதுதான் அதைப் பார்த்தான். தாயின் தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம். பாட்டில் மூடியளவு.

குட்டி.

ரிசிமாட்டி சட்டென்று வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

குட்டி இருப்பதைச் சொன்னால், விடுதியில் ஒரே ஒரு வண்டிதான், ஐந்தே நிமிஷம்தான் என்பார்கள். போன குளிர்காலத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். ரேடியோவில் சேதி பரவி ஆறு வண்டி வந்து நின்றது. மிரண்டுபோன தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு வெட்டவெளியில் இடம் மாறியது. மறுநாள் கழுதைப்புலிகள் மிச்சம் வைத்ததை இவன்தான் பார்த்தான்.

கிவன் நல்லவன்தான், ஆனால் ரேடியோ கையில் இருந்தால் வாய் நிற்காது. இந்தப் பெண்ணிடம் சொன்னாலோ பரீட்சைத் தாளில் எழுதுவாள். தாள் நேரே அலுவலகத்துக்குப் போகும்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

“தடம் போச்சு.”

“என்னண்ணே வெளையாடுறீங்களா?” கிவன் வாயைப் பிளந்தான். “பாறை மேல எறும்பு போனாக்கூட விடமாட்டீங்களே!”

“போச்சுன்னா போச்சுடா. சும்மா தொணதொணக்காத.”

பின்னாலிருந்து ஆறு பெருமூச்சுகள். அதில் ஒருத்தி மட்டும், பீரங்கி மாதிரி ஒரு காமிராவோடு, தடத்தையாவது படம் எடுத்துக்கொள்கிறேனே என்று இறங்க ஆரம்பித்தாள். நேராக இங்கேதான் வருவாள்.

அவளுக்கு முன்னால் வுடோமி இறங்கினாள். விறுவிறுவென்று நடந்து வந்தாள். வந்தவள் சரியாக அந்தக் குட்டித் தடத்தின் மேலேயே வலது பூட்ஸை வைத்து, கால்களை அகட்டிப் போலீஸ்காரன் மாதிரி நின்றுகொண்டாள்.

“அங்கேயே எடுங்கம்மா, உங்க காலடியில இருக்கிறதுதான் அச்சு மாதிரி இருக்கு,” என்று விருந்தாளிக்குத் தாயின் தடத்தைக் கை காட்டினாள்.

ரிசிமாட்டிக்குப் போன உயிர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. தடத்தை மிதிப்பவன் தடம் பார்க்கவே லாயக்கில்லாதவன். மாடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். கண்ணும் அப்படித்தானாம், கண்ணு! காலடியில் எதை மிதிக்கிறாய் என்று பார்த்தாயா மகராசி?

படம் எடுத்து முடித்து, விருந்தாளி கம்பளிக்குள் திரும்பிப் போகும்வரை அவள் அசையவில்லை.

பிறகு நின்ற இடத்திலேயே தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்து, கொஞ்சமும் தயங்காமல், தோல்வி என்று எழுதினாள். அவனுக்கும் காட்டினாள்.

அவன் தலையாட்டினான். மனைவியின் ஊசி ஞாபகம் வந்தது.

வுடோமி தாளை மடித்துப் பையில் வைத்தாள். வண்டிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அடுத்த வருஷமும் நானே வர்றேன் மாமா. இதே எடத்துல ஆரம்பிப்போம். அதுக்குள்ள குட்டிங்க ரெண்டும் வளந்து தனியா வேட்டைக்குக் கெளம்பியிருக்கும்.”

சொல்லிவிட்டு அவன் பதிலுக்கு நிற்காமல் வண்டியைப் பார்த்து நடந்தாள்.

ரெண்டுமா?

அவன் பார்த்தது ஒன்றைத்தான்.

அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பிறகு அவள் நின்றிருந்த மணலைக் குனிந்து பார்த்தான். வலது பூட்ஸின் அச்சு அங்கே இருந்தது. இரண்டடி தள்ளி, அதைவிட அழுத்தமாக, இடது பூட்ஸின் அச்சும் இருந்தது.