ஐம்பத்தாறா, ஐம்பத்தேழா

"ஐம்பத்தாறுக்கு மேலை ஒரு புள்ளி கூட விடமாட்டன் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ, தம்பி."

ஒஸ்லோவிலிருந்து வித்தியா சொன்னாள். அவர் என்பது ரொறன்ரோவிலிருக்கும் அவளுடைய சொந்த அண்ணன் மயூரதன். அதே வட்ஸ்அப் அழைப்பில், அதே திரையில், அவளுக்கு இரண்டு விரற்கடை மேலே கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

பார்த்தீபன் சொன்னான். "அண்ணை, ஐம்பத்தாறாம்."

"ஐம்பத்தேழு எண்டு உவவுக்குச் சொல்லும்."

அச்சுவேலியிலிருந்து காற்றில் மின்சாரம் எடுக்கும் காற்றாடி பூட்ட வந்தவனுக்கு இது புதுத் தொழில்.

பண்டத்தரிப்பு வீட்டுக் கூரையில் நிற்கும் காற்றாடி, தகப்பன் இராசநாயகம் கேட்டு மகன் வாங்கிக் கொடுத்தது. இருபத்துநாலு வோல்ற். அறைச் சுவரில் இருக்கும் பற்றறி, அவரே கேட்டு மகள் வாங்கிக் கொடுத்தது. நாற்பத்தெட்டு வோல்ற். எந்த விசரன் இப்படி வாங்குவான் என்று மனதுக்குள் திட்டியபடி பார்த்தீபன் நடுவில் ஒரு மாற்றிப் பெட்டியைப் பூட்டினான்.

அதுவரை சுகம். அதற்குப் பிறகு, பற்றறியை எத்தனை வோல்ற் வரை நிரப்புவது என்ற அளவை இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் ஒன்றாக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி நின்றுவிடும். காற்றாடியின் கடவுச்சொல் மகனின் போனில். பற்றறியின் கடவுச்சொல் மகளின் போனில்.

மகனும் மகளும் கதைத்து ஐந்து வருடம்.

வித்தியாவின் கலியாண அழைப்பிதழில் அண்ணன் மனைவியின் பெயர் விடுபட்டுப் போனதாம். அச்சகப் பிழை என்றாள் அவள். அச்சகத்துக்கு அந்த ஒரு பெயரில் மட்டும் என்ன கோபம் என்றான் அவன். அன்றிலிருந்து தாய் கமலாவதி ஒருவரோடு கதைக்கும்போது மற்றவரின் பேச்சை எடுத்தால் அழைப்பு அறுந்துவிடும்.

"ரெண்டும் ஒருக்கா வாய் திறந்து கதைச்சிட்டுதுகள் எண்டால் காணும், தம்பி. நான் நிம்மதியாய்க் கண்ணை மூடுவன்," என்று தேத்தண்ணி கொடுக்கும்போதே அவர் சொல்லியிருந்தார்.

"ஐம்பத்தேழு வைச்சால் பற்றறி தன்பாட்டிலை நிண்டுடும் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

"ஐம்பத்தாறு வைச்சால் காத்தெல்லாம் வீண் எண்டு உவவுக்குச் சொல்லும்."

பார்த்தீபன் சொன்னான், சொன்னான், தொண்டை வறளச் சொன்னான். இருவர் காதிலும் ஏற்கெனவே விழுந்ததை இரண்டாம் தரம் சொல்லவா மூன்று வருடம் டிப்ளோமா படித்தேன் என்று அலுத்துப்போய், கடைசியில் வாயை மூடிக்கொண்டான்.

திரையில் இருவரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"அண்ணை, உங்களுக்கு எப்பவும் உங்கடை பிடிதான்!" என்று வெடித்தாள் வித்தியா.

குசினி வாசலில் நின்ற கமலாவதி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கோ பிடி? நல்லூர்த் திருவிழாவிலை பலூனுக்கு மண்ணிலை உருண்டது ஆரடி?"

பலூனில் தொடங்கி, சைக்கிளுக்குப் போய், கலியாண அழைப்பிதழில் வந்து நின்றது. அழுத்தந்திருத்தமான சண்டை, நாற்பது நிமிடம். நடுவில் வித்தியா அழுதாள். மயூரதன் மூக்கைச் சிந்தினான், தடிமன் என்றான். அண்ணி திரைக்குள் தலையை நீட்டி, "மெலிஞ்சு போனீர், வித்தியா," என்றாள். பேச்சுவாக்கில் ஐம்பத்தாறரை என்று முடிவானது. இரண்டு கண்டங்களில் இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் அழுத்தின.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. போனில் இருவரும் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்தீபனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மூடியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"ஐயா, இனிப் பயப்பிடாதேங்கோ. பத்து வருசத்துக்கு ஒருத்தரும் கை வைக்கத் தேவையில்லை."

இராசநாயகத்தின் முகம் விழுந்துவிட்டது. "பத்து வருசமோ?" என்று மனைவியைப் பார்த்தார்.

கமலாவதி எழுந்து வந்து, போனுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"பொருந்தாததாய்த் தேடிப் பிடிக்கவே இந்த மனுசனுக்கு ஆறு மாதம் போச்சுது, தம்பி. ஞாயிற்றுக்கிழமையளிலை மட்டும் உந்தப் பெட்டி குழம்புற மாதிரி வைக்கேலாதோ?"