தங்கசாமி சொன்ன நம்பர்

“தங்கசாமி நம்பர் சொல்றாருய்யா!”

கரையோர ஐஸ் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் வயர்லெஸ் செட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

பின்னே, லேசுப்பட்ட சேதியா? படகுகளுக்கு ஜி.பி.எஸ். கருவி வந்ததிலிருந்து, இறால் கிடக்கும் இடமெல்லாம் வெறும் நம்பர்தான். நம்பரைத் தட்டினால் போதும், எந்தப் படகும் நேரே அங்கே போய் நின்றுவிடும். அதனால் ஆளாளுக்கு நம்பரைப் பொத்தி வைத்தார்கள். அதிலும் தங்கசாமி இருக்கிறாரே, அடுத்த படகுக்காரன் பேச வந்தால்கூடக் கருவியைத் துண்டால் மூடிவிடுவார், மனுஷன்!

‘நம்பரைப் பகிர்ந்துக்கிட்டா எல்லாருக்கும் டீசல் மிச்சம்’ என்று மீனவர் சங்கத் தலைவர் கெஞ்சாத கூட்டம் இல்லை.

“மொதல்ல ஒம்ம நம்பரைச் சொல்லும் தலைவரே” என்பார் தங்கசாமி. தலைவர் அடுத்த தீர்மானத்துக்குத் தாவிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர், இன்று கடல் முழுக்கக் கேட்கக் கத்துகிறார்.

“ஏலே, எல்லாரும் இங்கன வாங்கலே! எறா குமிஞ்சு கெடக்கு. நம்பரைப் போட்டுக்கிருங்க...”

“என்னண்ணே, விடியக்காலையிலேயே ஊத்திட்டீகளா?” இது இன்னொரு படகிலிருந்து சுஐபு.

“வெளையாடாத சுஐபு! வெரசா வாலே. நீவாடு தண்ணியைக் கெழக்க இழுக்குது...”

தங்கசாமியின் குரல் கம்மியது.

“பாரேன், சந்தோஷத்துல தொண்டை அடைச்சுப் போச்சு!” என்று சிரித்தார் ராமசுப்பிரமணியன். இறால் வாங்கும் ஏஜெண்டு. செல்போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசி, பெரிய லாரியாகவே அனுப்பச் சொல்லிவிட்டார்.

செட்டை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த சேதுலட்சுமிக்கும் வாயெல்லாம் பல். நிறைமாசக்காரி. கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவளுக்குக் கடல் என்றாலே பயம். மழை பொய்த்து, அவள் புருஷன் பால்சாமி தங்கசாமி படகில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, படகு கரை சேரும்வரை செட்டை விட்டு நகர மாட்டாள்.

“இன்னைக்கு ஒம் புருஷனைக் கையில பிடிக்க முடியாது தாயி” என்றார் ஏஜெண்டு.

“அவுக கொரலையே காணமே அண்ணே?”

“எறா அள்ளுறவன் எங்கிட்டுப் பேசுவான்?”

அவளும் சிரித்துக்கொண்டாள்.

செட்டில் ஒரே அமளி. “தெக்க நான் பாக்குறேன்!” “நீ கெழக்க போ!” சண்டைக்காரப் படகுகளெல்லாம் அண்ணன் தம்பியாகப் பேசிக்கொண்டன. சங்கத் தலைவர்கூட, தங்கசாமி சொன்ன பக்கமெல்லாம் படகைத் திருப்பினார். வெகுநேரம் கழித்து, “கெடச்சிருச்சுலே! கெடச்சிருச்சு!” என்று ஒரு கூப்பாடு. படகுக்குப் படகு கத்தினார்கள். கரையில் கைத்தட்டல் அடங்கவில்லை.

படகுகள் வந்தன. ஒன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாமே காலி!

“எறா எங்கய்யா?”

வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு படகைக் கட்டினார்கள்.

கடைசியாகத் தங்கசாமி படகு கரை அணைந்ததும் ராமசுப்பிரமணியன் பிடித்துக்கொண்டார்.

“பச்சைப் பொய்யி! நல்ல நம்பரை ஒளிச்சு வச்சிக்கிட்டு, ஊரைப் பூராம் வெத்துத் தண்ணிக்கு விரட்டியிருக்கீரு! லாரி வந்து நிக்குது. கம்பெனிக்காரன் மூஞ்சியில நான் எப்படிய்யா முழிக்கிறது?”

சேதுலட்சுமிக்கும் பொறுக்கவில்லை.

“ஏண்ணே இப்படிப் பண்ணுனீக? இனி ஒங்க பேச்சை யாரு நம்புவா?”

தங்கசாமி திரும்பி, படகுக்குள் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பால்சாமி இறங்கினான். உதடு வெளுத்திருந்தது.

“என்னங்க, என்னாச்சு? இது யாரு சட்டை?”

“சுஐபு அண்ணன் சட்டை...” பால்சாமி உடைந்து அழுதுவிட்டான். “வலைக் கயிறு காலைச் சுத்திக் கடலுக்குள்ள இழுத்துருச்சு புள்ள. நீச்சலும் அரைகுறை. ஒரு மெதவையப் பிடிச்சுக்கிட்டே நீவாட்டோட போயிட்டேன். எல்லாப் படகும் வளைச்சுத் தேடிருக்காக. சுஐபு அண்ணன்தான் குதிச்சுத் தூக்குனாக.”

சேதுலட்சுமி அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஏஜெண்டு திகைத்துப்போய், சட்டையில்லாமல் நின்ற சுஐபைப் பார்த்தார். “அப்ப எறான்னது?”

“கிட்டப் போன பெறகுதான் எங்களுக்கே தெரியும். ‘செட்டுல ஒருத்தனும் இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நம்பரும் பொய்யில்ல ஏஜெண்டு, அண்ணன் இத்தனை வருசமா பொத்தி வச்ச எடம். எறா அங்கன நெசமாவே கெடக்கு. எவன் வலையை எறக்குனான்?”

ராமசுப்பிரமணியனின் குரல் இறங்கிவிட்டது.

“ஆளு விழுந்துட்டான்னு நேராச் சொன்னாலும் எல்லாரும் வந்திருப்பாகளே தங்கசாமி! எறான்னு ஏன்யா சொன்னீரு?”

தங்கசாமி, கருவியை மூடுகிற அந்தத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதைச் சொல்லத்தான் செட்டை எடுத்தேன்யா. வாய் வரைக்கும் வந்துருச்சு. கரையில செட்டுக்குப் பக்கத்துல, இந்தப் புள்ள வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குமேன்னு நெனச்சேன்... எறான்னு சொல்லிட்டேன்.”