நான்காவது ஆள்

புரூக்ளின் ஹைட்ஸில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில், மார்ட்டி, செல்மா தம்பதி நாற்பது வருடமாக வாழும் வீடு விலைக்கு வந்திருந்தது. வாங்க வந்த மூன்று பேரையும் நிர்வாகக் குழு நேர்காணல் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டது. அங்கே குழு சம்மதித்தால்தான் யாரும் வீடு வாங்க முடியும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கீழே குழுவின் முன்னால் இப்போது நான்காவது ஆள்.

"கொஞ்சம் உட்காரேன் மார்ட்டி. நீ நடக்கிற நடையில தரையே தேஞ்சிடும்" என்றார் செல்மா. "இந்தக் குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவனாவது தேறணும்."

"உன் மூட்டுக்கும்தான் ஃபுளோரிடா வெயில் வேணும்."

தொலைபேசி அடித்தது. செல்மா கேட்டுவிட்டு வைத்தார். "இவனும் வேண்டாமாம்."

"பாவிங்க" என்று முனகிக்கொண்டே குப்பைப் பையோடு மார்ட்டி வெளியே போனார். லிஃப்டில் குழுத் தலைவர் கிரெயர்சன் நின்றிருந்தார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் மார்ட்டி, குரலைத் தாழ்த்தி. "கடைசி வரைக்கும் இங்கேயே இருந்துடணும் எனக்கு. செல்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

கிரெயர்சன் பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு பேரும் ஒருதரம் உட்கார்ந்து பேசிக்கக் கூடாதா? உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லி, செல்மாவும் இதையேதான் கேட்டுட்டுப் போனாங்க."