காலித் தட்டு

ஏழாம் மாதம் நடக்கும் ஜெயினம்புவின் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதாக டாக்டரம்மா சொன்னார். சோறு ஒரு கைப்பிடி, இனிப்பு கூடவே கூடாது. அவள் சாப்பாட்டுக்குத் தானே காவல் என்று கணவர் நாகூர் கனி பொறுப்பெடுத்துக்கொண்டார்.

அவருடைய மாமியார் அஜ்மல் பீவி கேட்டால்தானே? செல்லூரிலிருந்து தினமும் ஒரு தட்டோடு வந்துவிடுவார். இன்று வட்டிலப்பம், நாளை அல்வா.

"புள்ளத்தாச்சி வாயக் கட்டலாமா மாப்ள? மிச்சம் வச்சா எம் மனசு ஆறாது."

"தட்டப் பாருங்க மாமி, மிச்சம் இருக்கா?"

காலித் தட்டைக் கண்டு மாமியார் குளிர்ந்து போவார். மறுநாள் தட்டு இன்னும் பெரிதாக வரும்.

அடுத்த மாதப் பரிசோதனையின்போது நாகூர் கனிக்கு நாக்கு வறண்டது. ஆஸ்பத்திரிப் பானைத் தண்ணீரைக் குவளை குவளையாகக் குடித்தார். கொல்லைப்பக்கம் போய்ப் போய் வந்தார்.

ஜெயினம்புவின் சிறுநீரைக் கலந்து காய்ச்சியும் சோதனை மருந்து நீலமாகவே நின்றது.

"சர்க்கரையே இல்லையே. எப்படிம்மா வாயக் கட்டுனே?"

"அம்மா கொண்டார அம்புட்டையும் அவுகதான் தின்னு தீத்தாக."

அதைத் தியாகம் என்றுதான் நாகூர் கனி நினைத்திருந்தார். டாக்டரம்மா தண்ணீர்ப் பானையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு சிறுநீர் பிடித்துவர ஒரு சீசாவை நீட்டினார். இந்தத் தடவை மருந்து செங்கல் நிறமாகிவிட்டது.

"இனி உங்களுக்கும் அதே பத்தியம்தான்."

சாயங்காலம் மாமியாரின் தட்டில் நெய் மினுங்கும் ரவை இனிப்பு, தம்ரூட் வந்தது. பழக்கதோஷத்தில் நீண்ட கணவரின் கையிலிருந்து ஜெயினம்பு தட்டை நகர்த்திக்கொண்டாள்.

"புள்ள பொறக்கட்டும், ரெண்டு பேருமாச் சேந்து திம்போம்" என்றார் அவர்.

அவள் அவருடைய தொந்தியைப் பார்த்தாள்.

"எனக்குப் பொறந்ததும் பத்தியம் முடிஞ்சிரும். உங்களுக்கு எப்பங்க பொறக்கும்?"