எலும்பு மாத்திரை டப்பா

"எவன்டா என் டப்பாவுல கை வெச்சது?"

ஜெயராஜ் போட்ட சத்தத்தில், உடை மாற்றும் அறையில் நாஷ்டா தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பி ஆலைக்கு அவன் வந்து பதினாலு வருஷம். இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

"இன்னாண்ணே காணோம்?" என்றான் சரவணன்.

"மாத்திரைடா. ஏழு மாத்திரை!"

"எலும்பு மாத்திரையா? துட்டு திருடினாலும் அர்த்தம் இருக்குது. அதைப் போய் எவன்ணே எடுப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று மாதம் முன்னால் ஒரு தண்ணி கேனைத் தூக்கப்போய் ஜெயராஜின் மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து சூப்பர்வைசர் மணவாளன் அவனுக்கு வைத்த பேர் 'அப்பளம்'.

டப்பாவின் மேல் கால்சியம் என்றுதான் இருந்தது. உள்ளே இருந்தது எச்.ஐ.வி. மாத்திரை. அது அவனுக்கும் பெண்சாதி ஏஞ்சலினுக்கும் மட்டும்தான் தெரியும்.

"நோயும் மாத்திரையும் சேர்ந்து எலும்பை மெலிய வெச்சிருக்கு. அதுக்காக மாத்திரையை உட்டுடாதீங்க, உசுரே அதுலதான் இருக்கு. கால்சியமும் சேர்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கால்சியத்தை வீட்டில் வேறொன்றில் கொட்டிவிட்டு, அந்த டப்பாவில் இதைப் போட்டுக் கொண்டுவந்து, இங்கே தன் அலமாரியிலேயே வைத்திருந்தான். கை முறிந்தவனிடம் கால்சியம் டப்பா இருந்தால் எவன் சந்தேகப்படுவான்?

திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அடுத்த மாத்திரை வாங்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. மிச்சம் மூன்றுதான். முன்னாலேயே போய் நின்றால், "ஒழுங்கா சாப்பிடலியா?" என்று கேட்பார்கள். யாரைக் கைகாட்டுவது?

இங்கேயும் வாயைத் திறக்க முடியாது. போன வருஷம் கேன்டீன் நர்மதாவுக்கு இந்த நோய் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். "அது தொட்ட சோத்தை எவன் துன்னுவான்?" என்று ஆபீஸில் போய்க் குதித்து, அன்றைக்கே அவளை வெளியே அனுப்ப வைத்தவன் இதே மணவாளன்தான்.

மறுநாள் ஜெயராஜ் எல்லோருக்கும் முன்னால் வந்து, அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்து நின்றான்.

உள்ளே வந்தது மணவாளன். ஜெயராஜின் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டான்.

ஜெயராஜ் பாய்ந்து சட்டையைப் பிடித்தான். "திருட்டு நாயே! நீதானா?"

"கையை எடு, அப்பளம்! நாலு கால்சியத்துக்கு இன்னாத்துக்கு பேஜார் பண்றே? எனக்கும் முட்டி வலி."

ஓங்கிய கை அப்படியே நின்றது. தெரியாத மாத்திரையைத் தின்று இந்த ஆளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? சொன்னால் வேலை போகும். போகட்டும்.

"துப்புய்யா அதை! அது கால்சியம் இல்ல, எச்.ஐ.வி. மாத்திரை. எனக்கு இருக்குது. போ, போய் ஆபீஸ்ல சொல்லு!"

மணவாளன் துப்பவில்லை. விழுங்கினான். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தெரியும்யா. எனக்கும் இதே மாத்திரைதான் குடுத்தாங்க, தீர்ந்துபோச்சு. மறுபடி அந்த வரிசையில போய் நின்னு, எவனாச்சும் பார்த்துட்டா? உன்னை மாதிரியா நானு? நாலு பேர் மதிக்கிற ஆளுய்யா."