ஒப்புதல் பெற்ற கட்டடம்

“அடுத்தவன் நாலு காசு பார்த்தா உங்களுக்கு ஏன் பெரியவரே வயிறு எரியுது?”

நகரமைப்பு அலுவலகத்தின் அதிகாரி, கணினித் திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டார். எதிரே ரப்பர் செருப்பும் கசங்கிய சட்டையுமாகப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

“வயித்தெரிச்சல் இல்லீங்க, பயம். கீழ்த்தளத்துல தூண் விரிஞ்சிருக்கு. விரலை விட்டா உள்ள போகுது. ஒரே ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க. பாத்தீங்கன்னா நீங்களே எல்லாரையும் வெளியேத்திட்டு சீல் வெச்சிடுவீங்க.”

“எது, கடைத்தெரு முனையில மஞ்சள் பெயின்ட் அடிச்ச அஞ்சு மாடியா?”

“அதேதாங்க. மூணு மாடிக்குத்தான் அனுமதி. மேல ரெண்டு மாடி சும்மா ஏத்தினது. வண்டி நிறுத்துற இடத்தையும் கடையாக்கியாச்சு. கடை அகலமா வேணும்னு தூணையும் செதுக்கியாச்சு.”

“அதெல்லாம் பழைய கதை. அபராதம் கட்டி வரன்முறை பண்ணிட்டாங்க. இப்ப அது சட்டப்படி சுத்தமான கட்டடம்.”

“சட்டம் சரியாயிடுச்சுங்க. தூண் அப்படியேதானே இருக்கு?”

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த உதவியாளர் களுக்கென்று சிரித்துவிட்டு, அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். அதிகாரி கடுப்புடன் திரையைப் பெரியவர் பக்கம் திருப்பினார்.

“இதோ, நேராய்வு பண்ணப்ப எடுத்த போட்டோ. நாலு பக்கமும் காலி இடம், முன்னால மரம். இதுக்கு மேல என்ன வேணும்?”

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது அந்தக் கட்டடமே இல்லீங்க. அங்க மரமே கிடையாது. மரம் நிக்க இடமும் கிடையாது.”

“அப்ப ஃபைல் பொய் சொல்லுதா?”

ஃபைல் பொய் சொல்லாது. பாவம், எழுதிக் கொடுத்ததைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும்.

பெரியவர் சோர்ந்துபோனார். தீயணைப்பு நிலையத்தில் போலீசுக்குப் போகச் சொன்னார்கள். போலீசில் இங்கே அனுப்பினார்கள். இங்கேயும் கதவு சாத்தினால், விழும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

“குடியிருக்கிறவங்க யாரும் வரலையே? அவங்களுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு எதுக்கு?” என்றார் அதிகாரி.

“வீடு வீடா ஏறிச் சொன்னேங்க. கால்ல விழாத குறை. ‘கவர்மென்ட்டே ஒப்புதல் குடுத்து, அதை ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டியிருக்கு, நீங்க என்ன புதுசா சொல்றீங்க’ன்னு கேக்குறாங்க. எனக்கு ஏதோ உள்நோக்கம் இருக்குன்னு சந்தேகப்படுறாங்க. ரெண்டாவது மாடியில ஒரு பொண்ணு, மாசமா இருக்கு. கதவு சாத்த முடியலைன்னு ஆசாரியைக் கூப்பிட்டு மூணாவது தடவையா கதவைச் சீவுது. தப்பு கதவு மேல இல்லம்மா, சுவர் இறங்குதுன்னு சொன்னா சிரிக்குது.” பெரியவரின் குரல் உடைந்தது. “நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க சார்.”

அதிகாரி ஒன்றும் கல்நெஞ்சர் அல்ல. தண்ணீர் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“பெரியவரே, உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். நான் போய் சீல் வெச்சா, ‘ஒப்புதல்ல கையெழுத்து போட்டவனும் நீதானே’ன்னு மேலிடம் என் கழுத்தைப் பிடிக்கும். கையெழுத்து போடாத கட்டடம்னா சொல்லுங்க, இன்னிக்கே பூட்டுறேன். போட்டதைத் தொட மாட்டோம். அதுவும் அந்த ஓனர் தங்கமான மனுஷன். இதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிச்சதில்ல. எல்லாமே புரோக்கர் மூலமாத்தான், சொன்ன நேரத்துக்கு, சொன்னபடி. நானே அவர் முகத்தைப் பாத்ததில்ல. அப்பேர்ப்பட்டவரை உங்க பேச்சைக் கேட்டு நடுத்தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா?”

பெரியவர் உண்மையைச் சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்ற நப்பாசையில்தான் வந்திருந்தார். இனி அது நடக்காது. தண்ணீரைத் தொடாமல் இரண்டு கையையும் கூப்பினார்.

“அவன் தங்கமும் இல்ல, தகரமும் இல்ல சார். பேராசை பிடிச்ச பாவி. தூணைச் செதுக்கச் சொன்னதே அவன்தான். அந்த ஓனர் நான்தாங்க. என் மேல கேஸ் போடுங்க, ஜெயில்ல தள்ளுங்க. அந்த ஜனங்களை மட்டும் இன்னிக்கே வெளியேத்திடுங்க.”

அதிகாரி துள்ளி எழுந்தார். தன் நாற்காலியையே கைக்குட்டையால் துடைத்து, பெரியவரின் தோளைத் தொட்டு அதில் உட்கார வைத்தார்.

“அடடா, நீங்களா சார்! ஒரு நிமிஷம் கதிகலங்க வெச்சிட்டீங்களே! எவனாவது புகாரோட வந்தா நாங்க உங்களைக் காட்டிக் குடுத்துடுவோமான்னு சோதிச்சுப் பாக்க வந்திருக்கீங்க, அப்படித்தானே? பாத்தீங்கல்ல, எவன் வந்தாலும் அசைக்க முடியாது. சொல்லுங்க சார், ஆறாவது மாடி எப்ப ஆரம்பிக்கிறோம்?”