பின் இருக்கைக்காரர்

மன்னார்த் தீவின் பருத்த பெருக்க மரத்தின் மறுபக்கத்தில் அதே சாம்பல் நிறச் சட்டை தெரிந்தது. பொற்கொடி படம் எடுப்பதை நிறுத்திக் கைபேசியைத் தாழ்த்தினாள். காலையில் விமானத்தில் அவளுக்குப் பின் இருக்கையில் இருந்த ஆள்.

ஈரோட்டிலிருந்து தனியாக இலங்கை பார்க்க வந்தவள் அவள். கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறந்தது சின்ன விமானம். பின்னால் இருப்பவரின் முழங்கால் முன்னால் இருப்பவரின் முதுகில் இடிக்கும். மன்னாரில் தங்கப்போகும் வீட்டின் படங்களை அவள் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, தோளுக்கு மிக அருகில் யாரோ மூச்சு விடுவது தெரிந்தது.

திரும்பினாள். ஐம்பதைத் தாண்டிய அந்த ஆள் கண்ணை எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவள் மன்னார் பஸ் ஏறினாள், அவரும் ஏறினார். வழியில் இலுப்பைக்கடவையில் சனம் இறங்கி முன்னால் இடம் கிடைத்தும், அவளுக்குப் பின் இருக்கையை விட்டு அவர் அசையவில்லை. பிறகு மன்னார்க் கோட்டையில் நின்றார். இப்போது இங்கே, வாடகை மோட்டார் சைக்கிளோடு. மரத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அண்ணா, அந்தாளு ஏர்போர்ட்ல இருந்தே என் பின்னாடி வர்றாரு.”

ஓட்டோக்காரர் ஜெயரூபன் எட்டிப் பார்த்தார். “இஞ்ச சுத்திப் பாக்க இருக்கிறதே நாலு இடம், தங்கச்சி. றோட்டில திரியிற கழுதையெண்டாலும் ஆக்களெண்டாலும் அதைத்தான் சுத்தோணும்.”

ஓட்டோ புறப்பட்டது. மோட்டார் சைக்கிளும் புறப்பட்டது. ஜெயரூபன் வேண்டுமென்றே ஒரு கடையடியில் நிறுத்தினார். அதுவும் தூரத்தில் நின்றது. தலைமன்னார் வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் திருப்பினார், அதுவும் திரும்பியது. அதன்பிறகு அவர் பகிடி விடவில்லை.

“வீட்டுக்கார ராக்கம்மாக்கா இருக்கிறா, பயமில்லை. ஸ்டேசனில ஆள் காத்துக்கொண்டு நிக்குது, நான் போகோணும். நாளைக்குக் காலமை பஸ்ஸுக்கு நான்தான் ஏத்துவன்” என்று அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

வாசலில் இருந்த இரும்பு கேற் திறக்கவில்லை. பொற்கொடி தள்ளினாள், இழுத்தாள், முதுகுப்பையோடு சாய்ந்தும் பார்த்தாள். ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் அணைந்தது.

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ராக்கம்மா தும்புத்தடியோடு ஓடிவந்தாள். “தள்ளினா வராது பிள்ளை. வலப்பக்கமாத் தூக்கிப்போட்டு இழுக்கோணும். பழகின கைக்குத்தான் அது வரும்.”

மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வடக்கே வந்து, இடம் மாறி மாறிக் கடைசியில் இந்தத் தீவில் ஒதுங்கியவள் ராக்கம்மா. புருசன் போனபிறகு, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகள்தான் அவளுடைய சீவியம். வேறு போக்கிடம் இல்லை.

பொற்கொடி முற்றத்துக்குள் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று அறைக் கதவுகளில் ஒன்றில் பூட்டுத் தொங்கியது. “அக்கா, ரோட்டுப் பக்க ரூம் வேண்டாம். பூட்டியிருக்கே, அந்த மூணாவது ரூமக் குடுங்க.”

“அது ஒருத்தருக்கும் குடுக்கிறேல்ல. வேற ஆக்களின்ர சாமான் கிடக்கு.” ராக்கம்மா அவள் தோளைத் தட்டினாள். “அவன் வரட்டும், பாப்பம். இந்த வளவுக்குள்ள என்னைக் கேக்காம ஆரும் கால் வைக்க ஏலாது.”

பொற்கொடி அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். நாளை மதியம் அதே சின்ன விமானத்தில்தான் திரும்ப வேண்டும். அதிலும் அந்த ஆள் இருந்தால்?

கேற்றின் சத்தம் கேட்டது. ஒரேயொரு தரம்தான், தள்ளலும் இல்லை, உலுக்கலும் இல்லை.

யன்னலால் பார்த்தாள். சாம்பல் நிறச் சட்டை முற்றத்துக்குள் நின்றது. செருப்பைக் கழற்றிப் படியின் ஓரமாக வைத்துவிட்டு, பூட்டியிருந்த மூன்றாவது அறையைப் பார்த்தபடி நின்றது.

ராக்கம்மா தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு வந்தாள். “ஆர் நீர்? கேற்றை ஆர் திறந்துவிட்டது?”

“நான்தான். ஒண்டும் செய்ய வரேல்ல. பாக்கத்தான் வந்தனான். பிளேனில அந்தப் பிள்ளையின்ர போனில இந்த வீட்டின்ர படத்தைக் கண்டனான். தனிய வரத் துணிவில்லாமல்தான் பின்னாலயே வந்தனான்.”

பொற்கொடி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “அக்கா, பேசிட்டு நிக்காதீங்க. போலீஸக் கூப்பிடுங்க. இல்லன்னா வெளிய போகச் சொல்லுங்க.”

ராக்கம்மா கேற்றைப் பார்த்தாள். பிறகு படியோரம் இருந்த செருப்பை. ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

“தொண்ணூறில புலியள் வெளிக்கிடச் சொன்ன முஸ்லிம் ஆக்களே?”

அவர் தலையாட்டினார்.

ராக்கம்மா தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். இடுப்பில் செருகியிருந்த கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்ற அவளுக்கு நேரமெடுத்தது. அதை அவர் கையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

“போறதெண்டால் நான்தான் போகோணும், பிள்ளை. இது அவற்ற வீடு.”